ஆர்கனுக்கு டிஜிட்டல் லெஸ்லி: பக்கத்து மைக்கா, தூரத்து மைக்கா, மோனோவா?

"ஹெட்ஃபோனில் ரோட்டரி அருமையா இருக்கு. மேடையில போய் வாசிச்சா சுத்துறதே தெரியல. தனியா ஒரு பெடல் வாங்கிடலாமா?"

சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவர்களும் மெல்லிசைக் குழுக்காரர்களும் அடிக்கடி கேட்பது இதுதான். பத்தில் எட்டுப் பேருக்குப் பெடல், அதாவது காலால் இயக்கும் தனி எஃபெக்ட் பெட்டி, தேவைப்படாது என்பது என் கணிப்பு. அவர்களிடம் இருக்கும் ரோட்டரி எஃபெக்டிலேயே (லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கரைப் போல ஒலிக்க வைக்கும் வசதி) மைக் எங்கே இருப்பதாக வைத்துக்கொள்வது என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை. வேகத்தையும் டிரைவையும் (ஒலியைக் கரகரப்பாக்கும் குமிழ்) திருகிப் பார்த்துவிட்டு, சரிப்படவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் மைக் விஷயத்தை முதலில் முடிவு செய்தால்தான் மற்ற குமிழ்களைத் திருகுவதில் அர்த்தம் உண்டு. அதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

## உள்ளே என்ன சுற்றுகிறது?

ஹேமண்ட் என்ற மின்சார ஆர்கன் 1935-ல் சந்தைக்கு வந்தது. அதன் ஒலி வீட்டு அறையில் உயிரில்லாமல் இருக்கிறது என்று டொனால்ட் லெஸ்லி என்பவர் சுழலும் ஸ்பீக்கர் பெட்டியைச் செய்தார். எல்லா டிஜிட்டல் ரோட்டரியும் அந்தப் பெட்டியைத்தான் நகலெடுக்கப் பார்க்கிறது, குறிப்பாக 122 என்ற மாடலை.

அதில் ஒலி சுமார் 800 ஹெர்ட்ஸில் இரண்டாகப் பிரிகிறது. மேலே உள்ள பகுதி இரட்டை வாய் கொண்ட ஹார்னுக்குப் போகும். இரண்டு வாயில் ஒன்றுதான் ஒலி தரும், மற்றது எடை சமன் செய்ய மட்டும். கீழே உள்ள பகுதி 15 அங்குல ஸ்பீக்கருக்குப் போகிறது. அது தரையைப் பார்த்து இருக்கும். அதன் அடியில் ஒலியைத் திருப்பிவிடும் டிரம், அதாவது ஒரு உருளை, சுற்றும். ஹார்ன் ஒரு திசையில், டிரம் எதிர்த் திசையில்.

திருவிழாவில் ஆட்டோவில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் நம்மைத் தாண்டிப் போகும்போது சுருதி சற்று ஏறி இறங்குமே, ஹார்ன் செய்வதும் அதேதான். கணக்கும் எளிது. ஹார்ன் வாய் அச்சிலிருந்து சுமார் 18 செ.மீ. தள்ளி இருக்கிறது. நிமிடத்துக்கு 400 சுற்று என்றால் வாயின் வேகம் நொடிக்கு 7.5 மீட்டர். அதனால் சுருதி இருபுறமும் ஏறக்குறைய 2 சதவீதம், அதாவது ஒரு செமிடோனில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஆடும். பெட்டிக்கு ஃபாஸ்ட், ஸ்லோ என்று இரண்டு வேகம் உண்டு. ஸ்லோவில் அந்த ஆட்டம் மிகக் குறைவு. அங்கே நாம் கேட்பது பெரும்பாலும் ஒலியின் நிறமும் அளவும் மாறுவதைத்தான்.

சுருதி ஆட்டம், ஒலியின் ஏற்ற இறக்கம் ஆகிய இரண்டில் எது எவ்வளவு காதுக்கு வரும் என்பதை மைக் இருக்கும் இடம் தீர்மானிக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் கேள்வி, ஒலி எந்த வழியாக வெளியே போகிறது? ஹெட்ஃபோனா, இரண்டு வயரில் மிக்ஸருக்கா, ஒரே வயரிலா? நம் ஊர் மண்டபங்களிலும் சர்ச்சுகளிலும் இரண்டு பக்கமும் பெட்டி நின்றாலும் மிக்ஸர் பெரும்பாலும் மோனோவில்தான் ஓடும். உங்கள் முன்னால் இருக்கும் மானிட்டரும் (வாசிப்பவர் தன்னையே கேட்பதற்கான ஸ்பீக்கர்) அநேகமாக மோனோதான். மூன்று வழியில் எது என்பதைப் பாதிக்கும் மேல் இந்தக் கேள்வியே தீர்த்துவிடும்.

அப்புறம், ஆர்கன் முன்னால் நிற்கிறதா பின்னால் விரிப்பாக இருக்கிறதா? அறையில் ஏற்கெனவே எவ்வளவு எதிரொலி இருக்கிறது? ஸ்லோவிலிருந்து ஃபாஸ்டுக்குப் போவதைக் கேட்பவர்கள் உணர வேண்டுமா? கடைசியாக, அதே கீபோர்டில் பியானோ, ஸ்ட்ரிங்ஸ் போன்றவற்றையும் அதே வயரில் அனுப்புகிறீர்களா?

## வழி 1: பக்கத்து மைக், ஸ்டீரியோ

பெட்டியை ஒட்டி இரண்டு மைக் வைத்தது போன்ற செட்டிங். பெரும்பாலான கீபோர்டுகளில் ஆரம்பத்திலேயே இதற்கு நெருக்கமான ஒன்றுதான் இருக்கும். கடையில் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்கும்போது மயக்குவது இதுதான்.

ஏன் இவ்வளவு தூக்கலாக இருக்கிறது? அச்சிலிருந்து 40 செ.மீ. தள்ளி மைக் இருந்தால் ஹார்ன் வாய் அதற்கு 22 செ.மீ. அருகிலும் வரும், 58 செ.மீ. தூரமும் போகும். இரண்டுக்கும் 8 டெசிபலுக்கு மேல் வித்தியாசம். அதனால்தான் ஒவ்வொரு சுற்றும் துடிப்பாகக் கேட்கிறது. மற்ற வாத்தியங்கள் நிறைந்த பாட்டில் ஆர்கன் சோலோ துளைத்துக்கொண்டு வெளியே வர இது உதவும். பதிவிலும் பயன்படும்.

இதில் இருக்கும் மறைமுகச் செலவு மைக் கோணம். சில கருவிகளில் இதை 0 முதல் 180 டிகிரி வரை மாற்றலாம், சிலவற்றில் 'ஸ்ப்ரெட்' அல்லது 'விட்த்' என்று இருக்கும். 180 என்றால் இரண்டு மைக்கும் நேர் எதிரெதிரே. இடது மைக்கை ஹார்ன் நெருங்கும் அதே நொடியில் வலது மைக்கை விட்டு விலகுகிறது. ஹெட்ஃபோனில் ஒலி தலைக்குள் இடமும் வலமுமாக ஓடும். அதையே மிக்ஸரில் மோனோவாகக் கூட்டினால், ஒன்றில் ஏறியது மற்றதில் இறங்கியதோடு சேர்ந்து அழிந்துவிடும். சுருதி ஆட்டமும் ஏற்றமும் இறக்கமும் கலந்து, தெளிவில்லாத கோரஸ் போல ஆகிவிடும். மேடையில் சுற்றுவது தெரியவில்லை என்ற புகாரில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. கருவியில் பழுது எதுவும் இல்லை.

ஸ்டீரியோவே என்றாலும் 180 வேண்டாம் என்பேன். 90 டிகிரிக்குப் பக்கத்தில் வைத்தால் அகலமும் கிடைக்கும், கூட்டினாலும் துடிப்பு மிஞ்சும். மண்டபத்தில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு பக்கப் பெட்டிதான் கேட்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டு டிஐ பாக்ஸ் (கீபோர்டு ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சிறு பெட்டி), மிக்ஸரில் இரண்டு சானல் வேண்டும். சவுண்ட்காரர் அவற்றை இடம் வலம் என்று பிரித்து வைத்தாரா என்று நிகழ்ச்சிக்கு முன்பே பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

## வழி 2: தூரத்து மைக், ஸ்டீரியோ

மைக்கை 2 மீட்டர் தள்ளி வைத்தால் ஹார்ன் வாய் அதற்கு 1.82 முதல் 2.18 மீட்டர் தூரத்துக்குள்தான் இருக்கும். தூரத்தால் வரும் ஏற்ற இறக்கம் 2 டெசிபலுக்கும் குறைவு. சுருதி ஆட்டம் அப்படியே இருக்கும், ஆனால் சுவரில் பட்டு வருவதும் சேர்ந்து அதன் முனை மழுங்கும். ஒரு அறையில் பெட்டியின் எதிரே உட்கார்ந்து கேட்பதற்கு மிக நெருக்கமானது இதுதான்.

மெதுவான கீர்த்தனைகளுக்குப் பின்னால் நீளமான கார்டுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது இதற்கு ஈடு இல்லை. பாடுகிறவர் மேல் விழாது. மணிக்கணக்கில் கேட்டாலும் காது சலிக்காது. வீட்டில் ஹெட்ஃபோனில் பயிற்சி செய்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். பக்கத்து மைக் செட்டிங்கை ஒரு மணி நேரம் ஹெட்ஃபோனில் கேட்டால் தலை சுற்றும்.

ஆனால் கல் சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய தேவாலயத்தில் இதைப் போட்டால், கருவி சேர்க்கும் அறையின் மேல் நிஜ அறையும் சேர்ந்துகொள்ளும். கார்டு மாறுவதே புரியாது. அங்கே அறைதான் தூரத்து மைக், நீங்கள் இன்னொன்று வைக்கத் தேவையில்லை. குழு முழு வேகத்தில் வாசிக்கும்போதும் இது அடியில் அமுங்கிவிடும். அப்போது வால்யூமைக் கூட்டத் தோன்றும். கூட்டினால் சத்தம்தான் ஏறுமே தவிர சுழற்சி முன்னால் வராது.

## வழி 3: மோனோ, ஒற்றை மைக்

பார்க்க ஏழையாகத் தெரிந்தாலும், மேடைக்கு என் முதல் தேர்வு இதுதான். ஒரே மைக் என்றால் துடிப்பும் சுருதி ஆட்டமும் ஒன்றை ஒன்று அழிக்காமல் முழுசாக வரும். மண்டபத்தில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். ஒரு வயர் போதும்.

கருவியில் மோனோ என்று தனி செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். கோணம் இருந்தால் 0-க்குக் கொண்டுவாருங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு குறுக்கு வழி உண்டு. பல கீபோர்டுகளில் 'எல்/மோனோ' என்று எழுதிய துளையில் மட்டும் வயர் செருகினால் உள்ளேயே இரண்டு பக்கமும் கூட்டப்பட்டு வரும். 'ஆர்' துளையில் சும்மா ஒரு ஜாக்கைச் செருகிவிட்டால் அந்தக் கூட்டல் நின்று, இடது மைக் மட்டும் வெளியே வரும். ஆர்கன் உடனே உயிர் பெறுவதைக் கேட்கலாம்.

இந்தக் குறுக்கு வழிக்கும் விலை உண்டு. பியானோ ஸ்டீரியோவில் பதிவானது என்றால் அதன் வலது பாதி காணாமல் போகும். மேல் ஸ்தாயி மெலிந்து கேட்கும். ஆர்கன் மட்டும் வாசிக்கிற நிகழ்ச்சிக்குச் சரி, எல்லா ஒலியும் ஒரே கீபோர்டிலிருந்து போகிறது என்றால் வேண்டாம். வீட்டில் ஹெட்ஃபோனில் ஒற்றை மைக் கேட்க வறட்சியாகத்தான் இருக்கும், அதுவும் உண்மை.

| அளவுகோல் | பக்கத்து மைக் ஸ்டீரியோ | தூரத்து மைக் ஸ்டீரியோ | மோனோ |
|---|---|---|---|
| சுழற்சியின் துடிப்பு | மிக அதிகம் | மென்மை | அதிகம் |
| மோனோ மிக்ஸரில் | கோணம் அகலமானால் கெடும் | ஓரளவு தாங்கும் | அப்படியே வரும் |
| எதிரொலி மிகுந்த இடம் | பரவாயில்லை | குழம்பும் | நல்லது |
| ஹெட்ஃபோன் | கொஞ்ச நேரத்துக்கு | மிக நல்லது | வறட்சி |
| வயரும் சானலும் | இரண்டு | இரண்டு | ஒன்று |
| பொருந்தும் இடம் | பதிவு, சோலோ | மெதுவான பாடல், பயிற்சி | மேடை, சர்ச் |

## மைக் முடிவான பிறகு

இனி மற்ற குமிழ்கள். எல்லாவற்றையும் விட நேரம் செலவிட வேண்டியது வேகம் ஏறி இறங்கும் கால அளவில். 'ஆக்ஸிலரேஷன்', 'ரைஸ்', 'ரேம்ப்' என்று ஏதாவது ஒரு பெயரில் இருக்கும்.

ஒரு கார்டைப் பிடித்துக்கொண்டு ஸ்லோவிலிருந்து ஃபாஸ்டுக்கு மாற்றிக் கேளுங்கள். நல்ல பெட்டியில் எடை குறைந்த ஹார்ன் ஒரு நொடி வாக்கில் வேகம் பிடித்துவிடும். கனமான டிரம்முக்கு நாலைந்து நொடி ஆகும். அந்த இடைவெளியில் மேலே படபடப்பு, கீழே இன்னும் சோம்பல் அசைவு, மெல்ல மெல்ல அதுவும் வந்து சேரும். இறங்கும்போதும் அப்படியே, ஹார்ன் முதலில் அடங்கும். லெஸ்லியை லெஸ்லி என்று காது அடையாளம் காண்பது இந்தச் சில நொடிகளில்தான். ஒரே குமிழ் இரண்டையும் சேர்த்து ஆட்டும் கருவிகளில் பலரும் அதை 'வேகமாக' என்ற பக்கம் திருகி இந்த முரணைக் கொன்றுவிடுகிறார்கள்.

பாட்டு வேகமாக இருந்தால் டிரம் ஏறி முடிப்பதற்குள் திரும்ப இறக்க வேண்டிவருமே என்று கேட்கலாம். 120 டெம்போவில் நாலு அடி கொண்ட இரண்டு பார் என்றால் 4 நொடிதான். வரட்டுமே. டிரம் பாதி வழியில் திரும்பி வந்தால்தான் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி கேட்கும்.

வேகத்துக்கு எண்கள் தருகிறேன். ஃபாஸ்டில் ஹார்ன் 400 சுற்று, டிரம் 340 வாக்கில். ஸ்லோவில் ஹார்ன் 48, டிரம் 40 என்று ஆரம்பியுங்கள். ஹெர்ட்ஸில் கேட்கும் கருவி என்றால் 60-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 400 என்பது 6.7. இரண்டையும் ஒரே எண்ணில் வைக்காதீர்கள். வைத்தால் அலை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்து இயந்திரத்தனமாகிவிடும். வேகம் வித்தியாசமாக இருப்பதால்தான் நிஜப் பெட்டி ஒரே கார்டை இரண்டு முறை ஒரே மாதிரி ஒலிப்பதில்லை.

ஹார்னும் டிரம்மும் எவ்வளவு என்று பார்க்க ஒரு எளிய சோதனை. டிராபாரில் (ஆர்கன் ஒலியைக் கலக்கும் இழுப்புக் கம்பிகள்) '8 அடி' என்று குறித்ததை மட்டும் இழுத்து, அதாவது 008000000, நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் கீழே உள்ள சி-யை அழுத்துங்கள். 131 ஹெர்ட்ஸ், டிரம் மட்டும் கேட்கும். பிறகு நடு சி-க்கு இரண்டு ஆக்டேவ் மேலே, 1047 ஹெர்ட்ஸ், பெரும்பாலும் ஹார்ன். கீழ் ஸ்வரத்தில் அசைவு அவ்வளவாகத் தெரியாவிட்டால் பதற வேண்டாம். தாழ்ந்த ஒலியின் அலை நீளம் பெரிது, டிரம்மால் அதை அவ்வளவாகத் திருப்ப முடியாது. பேஸ் கிட்டார் இருக்கும் குழுவில் டிரம் பங்கைக் கொஞ்சம் குறைப்பது எப்போதுமே நல்லது.

டிரைவ் விஷயத்தில் வரிசைதான் முக்கியம். 122-ல் வால்வ் ஆம்ப்ளிஃபையர் முதலில், சுழற்சி பிறகு. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் ஹேமண்டை மார்ஷல் ஆம்ப்ளிஃபையருக்குள் செலுத்திக் கிடைத்த உறுமல் வேறு ஜாதி. அது வேண்டுமென்றால் வேறு கதை. லெஸ்லி வேண்டுமென்றால் டிஸ்டார்ஷனையோ கம்ப்ரஸரையோ (சத்த ஏற்ற இறக்கத்தைச் சமமாக்கும் கருவி) ரோட்டரிக்குப் பின்னால் போடக்கூடாது, போட்டால் துடிப்பு நசுங்கிவிடும். ரிவர்ப் மட்டும் பின்னால் இருக்கலாம். மிக்ஸரில் சவுண்ட்காரர் கீபோர்டு சானலில் கம்ப்ரஸர் போட்டிருக்கிறாரா என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வால்யூம் பெடலையும் கவனியுங்கள். பெடலை மிதித்தால் சத்தத்தோடு டிரைவின் கரகரப்பும் கூட வேண்டும். சத்தம் மட்டும் கூடுகிறது என்றால் பெடல் எஃபெக்டுக்குப் பின்னால் வேலை செய்கிறது. மிடி (கருவிகள் கட்டளை பரிமாறும் முறை) வழியாக ஓடும் மென்பொருளில் வால்யூம் பெடலின் கண்ட்ரோலர் எண்ணை 7-லிருந்து 11-க்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

## பெடல் எப்போது, பெட்டி எப்போது?

உங்கள் கீபோர்டின் ரோட்டரியில் ஸ்பீடும் டெப்த்தும் மட்டும்தான் இருக்கிறது, ஹார்னையும் டிரம்மையும் தனித்தனியாகத் தொட முடியவில்லை, ஏறும் நேரம் என்று எதுவும் இல்லை என்றால் பெடல் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. நியோ வென்டிலேட்டர், ஸ்ட்ரைமன் லெக்ஸ் போன்றவை இதற்கென்றே வந்தவை. ஆனால் பெடலுக்குள் போகும் எல்லாமே சுற்றும். ஆர்கனை மட்டும் தனி அவுட்புட்டில் பிரித்து அனுப்பும் வசதி கீபோர்டில் இல்லாவிட்டால் பியானோவுக்கு மாறும்போதெல்லாம் பெடலைக் காலால் அணைக்க வேண்டும். இந்தத் தொல்லையை வாங்கும் முன் யாரும் யோசிப்பதில்லை.

நிஜப் பெட்டியே வாங்கலாமே என்கிறவர்களுக்கு இரண்டு தகவல். 122 அறுபது கிலோவுக்கு மேல். அடுத்து, அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பெட்டியின் மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்தியாவிலும் இலங்கையிலும் 50. ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், 400 என்பது 333 ஆகும். பழைய ஹேமண்ட் ஆர்கனையும் சேர்த்து இறக்குமதி செய்தால் இன்னும் வேடிக்கை: அதன் மோட்டாரும் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பிடித்து ஓடுவதால் சி-யை அழுத்தினால் ஏ கேட்கும்.

## யாருக்கு எது?

வாரா வாரம் சர்ச்சில் ஒரே வயரில் வாசிக்கிறவர் மோனோவைப் போட்டுவிட்டு ஏறும் நேரத்தை மட்டும் கவனித்தால் போதும். வீட்டில் பதிவு செய்கிறவர் பக்கத்து மைக், கோணம் 90. மென்மையான பின்னணிக்கும் பயிற்சிக்கும் தூரத்து மைக். இரண்டு இடத்திலும் வாசிக்கிறவர்கள் ஒரே ஆர்கன் ஒலியை இரண்டு பேட்சாக (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பு) சேமித்து, ஒன்றுக்கு 'மேடை', மற்றதற்கு 'வீடு' என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். மேடை பேட்சை ஹெட்ஃபோனில் தீர்மானிக்காமல், ஒரே ஒரு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சேமியுங்கள்.

வேகம் மாற்றும் சுவிட்சை எதில் வைப்பது என்பதையும் அப்போதே முடித்துவிடலாம். மாட் வீலில் (கீபோர்டின் இடது ஓரச் சக்கரம்) வைத்தால் இடது கை கார்டை விட்டுவிட்டு வர வேண்டும். ஆர்கனுக்கு சஸ்டெயின் பெடல் வேலை இல்லை, ஆகவே அந்த பேட்சில் மட்டும் அதை ரோட்டரி வேகத்துக்கு ஒதுக்குங்கள். பல கருவிகளில் 'லாட்ச்', 'மொமென்டரி' என்று இரண்டு வகை இருக்கும். லாட்சில் ஒரு மிதி ஃபாஸ்ட், மறு மிதி ஸ்லோ. மொமென்டரியில் மிதித்திருக்கும் வரைதான் ஃபாஸ்ட். பியானோ வாசித்துப் பழகிய காலுக்கு மொமென்டரிதான் எளிது, ஏனென்றால் பதற்றத்தில் எந்த வேகத்தில் இருக்கிறோம் என்பது மறந்து போனாலும் காலை எடுத்தால் ஸ்லோவுக்கு வந்துவிடும்.